மக்கு என்று பெயர் சூட்டாதீர்கள்!
எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குச் சட்டமும் துணை, வழியும் உண்டு

"பையன் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் முழிக்கிறான்."

கட்கி, போப்போடி, தாப்போடி, ரேஞ்ச் ஹில்ஸ் பகுதித் தமிழர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் குறை இது. கடைக்கு அனுப்பினால் பத்துச் சாமான்களையும் மறக்காமல் வாங்கி வருகிறான். மீதிச் சில்லறையிலும் தவறு இல்லை. ரேடியோவோ சைக்கிளோ பழுதானால் பிரித்துப் போட்டு மாட்டிவிடுகிறான். ஆனால் நான்காம் வகுப்புப் பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டுகிறது. எழுதச் சொன்னால் ஒரே சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுகிறான்.

ஷிப்டு முடிந்து களைத்து வரும் தகப்பனார் மார்க் அட்டையைப் பார்க்கிறார். கோபம் வருகிறது. "சோம்பேறி" என்கிறார். பிறகு "மக்கு" என்கிறார். டியூஷன் வைக்கிறார். டியூஷனிலும் அதே பாடம், அதே திணறல். கடைசியில் வீட்டில் ஒரு முடிவு எடுக்கிறார்கள்: "எட்டாவதோடு நிறுத்தி எங்காவது ஒர்க் ஷாப்பில் சேர்த்துவிடலாம்."

பெண் பிள்ளையாக இருந்தால் இந்தப் பேச்சு கூட எழுவதில்லை. பையன் வகுப்பில் குறும்பு செய்வான், வாத்தியார் ஆள் அனுப்புவார். பெண் குழந்தையோ பின் பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும். அதன் கஷ்டம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது சோம்பலும் அல்ல, மந்த புத்தியும் அல்ல. அது 'டிஸ்லெக்சியா' என்று டாக்டர்கள் சொல்லும் வாசிப்புக் குறைபாடு. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் அதற்குத் தேர்வுச் சலுகைகளும் இருக்கின்றன. இதை அறியாமல் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, கையில் பாஸ் இருந்தும் வண்டி ஏறாமல் திரும்பி வருவதைப் போன்றது.

இப்போது என்ன அவசரம்?

2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் பெயிலாக்கி நிறுத்திவைக்க முடியாது என்றிருந்தது. அதில் ஒரு நன்மை உண்டு. பிள்ளை பள்ளியை விட்டு ஓடவில்லை. ஒரு தீமையும் உண்டு. வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்து நின்றவர்கள் பலர்.

2019-ம் ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்தலாம் என மாநிலங்களுக்கு உரிமை தரப்பட்டது. மராட்டிய அரசு 2023-ம் ஆண்டில் அந்த முறையைக் கொண்டு வந்தது. தேறாதவருக்கு மறுதேர்வு உண்டு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான்.

ஆகவே, முன்பு பத்தாம் வகுப்பில் வெளியாகும் குறை இனி ஐந்தாம் வகுப்பிலேயே வெளியாகும். பத்து வயதுப் பிள்ளைக்கு 'பெயில்' முத்திரை விழுவதற்கு முன்பே பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரைப் பாருங்கள்

நம் பிள்ளைகள் படும் பாட்டைப் புரிந்துகொள்ள, கட்கி என்ற ஊர்ப் பெயர் ஒன்றே போதும்.

மராத்தியில் இந்தப் பெயரின் முதல் எழுத்து, மூச்சைச் சேர்த்து அழுத்திச் சொல்லும் இரண்டாவது 'க'. தமிழில் அந்த எழுத்து இல்லை. நாம் 'க' என்றே எழுதுகிறோம். வெள்ளைக்காரர்கள் காதில் அது 'கிர்க்கி' என்று விழுந்தது. அப்படியே எழுதினார்கள். 1817 நவம்பர் 5-ந்தேதி பேஷ்வாவின் படைக்கும் கும்பினிப் படைக்கும் இங்கு நடந்த சண்டையை 'கிர்க்கிப் போர்' என்றே ஆங்கிலச் சரித்திரம் சொல்லுகிறது. உலகப் போர்களில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கும் இன்றுவரை 'கிர்க்கி' என்றுதான் பெயர். ஒரே ஊர், காதுக்குக் காது, எழுத்துக்கு எழுத்து மாறுகிறது.

1869-ம் ஆண்டில் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது. ராணுவ முகாமும் தொழிற்சாலையும் ரெயில்வேயும் இருக்கும் ஊருக்குப் பிழைப்பைத் தேடி வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று நாலு மொழியில் வாழ்கிறார்கள். 2020-ம் ஆண்டுச் சட்டப்படி, மராட்டியத்தில் எந்தப் போர்டுப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம்.

தமிழில் ஒரு 'க'. மராத்தியில் அதே இடத்தில் நாலு எழுத்துகள். 'ச', 'ட', 'த', 'ப' ஆகியவற்றுக்கும் அப்படியே. தமிழில் புள்ளி வைத்து மெய்யெழுத்தைத் தனியே காட்டுகிறோம். மராத்தியில் இரண்டு எழுத்துகளை ஒட்டவைத்துக் கூட்டெழுத்தாக்குகிறார்கள். மராத்தியில் குறில் நெடில் தவறினால் மார்க் போகும். ஆங்கிலமோ சொல்ல வேண்டாம். 'ஓ, யூ, ஜி, எச்' என்ற நாலெழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் 'தோ' என்று முடிகிறது. இன்னொன்றில் 'த்ரூ' என்றாகிறது. மற்றொன்றில் 'டஃப்' என்று ஒலிக்கிறது.

இத்தனை எழுத்து முறைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை திணறினால், அது மொழி புதிது என்பதால் வந்த திணறலா, வேறு குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெற்றோரும் ஆசிரியரும் வழி தவறுகிறார்கள்.

காரணம் மூன்று

முதல் காரணம், கண்ணும் காதும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமலே இருக்கும். பிறந்தது முதல் அப்படித்தான் பார்க்கிறது. மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? காதில் அடிக்கடி சீழ் வரும் பிள்ளைக்கு 'ப'வும் 'த'வும் ஒன்றாகவே கேட்கலாம். ஆகவே கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முதல் வேலை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிப்பதற்கென்றே ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் இந்த மராட்டியத்தின் பால்கரில்தான் அது தொடங்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது காரணம், சரியாகச் சொல்லித்தராமை. ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எழுத்துகள் மனதில் ஊன்றுவதற்குள் பாடம் ஓடிவிடுகிறது. ஊர் மாற்றம், நீண்ட காய்ச்சல், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஆகியவையும் இதில் சேரும். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 1995-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005-ம் ஆண்டு முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கணக்கெடுத்து வருகிறது. 2018-ம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. இவர்கள் எல்லோருக்கும் நோய் இல்லை. பயிற்சிதான் இல்லை.

மூன்றாவது காரணம், டிஸ்லெக்சியா. கண் சரி, காது சரி, புத்தி சரி, பயிற்சியும் கிடைத்தது. அப்படியும் எழுத்து மட்டும் வசப்படவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 50 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் ஐந்து பேர்.

1896-ல் கண்ட பையன்

இந்தக் குறை இன்று நேற்று கண்டுபிடித்தது அல்ல. 1887-ம் ஆண்டில் ருடால்ப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை உண்டாக்கினார். 1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பையன் பெயர் பெர்சி. கெட்டிக்காரன். விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் அல்ல. கணக்கும் வரும். ஆனால் ஏழாண்டுகள் பாடுபட்டும் வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி 'பிரசி' என்று எழுதினான். பாடம் எல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக வருவான் என்பது அவன் வாத்தியாரின் அபிப்பிராயம்.

நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆராய்ச்சிகளில் தெளிவானவை இவை. குறை கண்ணில் இல்லை. காதில் விழும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடும் மூளை வேலையில்தான் தாமதம். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. தகப்பனாரோ மாமாவோ பள்ளியில் இப்படித் திணறியிருப்பதை விசாரித்தால் பல வீடுகளில் அறியலாம். மருந்து மாத்திரை இதற்கு இல்லை. கலர் கண்ணாடி போட்டால் தீரும் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ம் ஆண்டிலேயே கூட்டாக அறிவித்திருக்கிறார்கள்.

2001-ம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆராய்ச்சி நமக்கு மிக முக்கியமானது. இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு டிஸ்லெக்சியாக்காரர்களைச் சோதித்தார்கள். மூளையில் தெரிந்த வேறுபாடு மூவருக்கும் ஒன்றே. ஆனால் எழுதியபடியே ஒலிக்கும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரையும்விடப் பிழை குறைவாக வாசித்தார்கள்.

தமிழும் மராத்தியும் பெரும்பாலும் எழுதியபடி ஒலிக்கும் மொழிகள். ஆகவே இந்த மொழிகளில் பிள்ளை தட்டுத்தடுமாறிச் சரியாகவே வாசித்துவிடக்கூடும். ஆனால் ஆமை வேகத்தில் வாசிக்கும். முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் பொருள் மறந்துவிடும். தவறு வரவில்லையே என்று பெற்றோர் திருப்தி அடைந்துவிடக் கூடாது. வேகம் வராததும் ஓர் அடையாளம்தான்.

வீட்டில் தமிழ் பேசுவதாலா?

"வீட்டில் தமிழ் பேசாதீர்கள், அதனால்தான் பிள்ளைக்கு வரவில்லை" என்று சில ஆசிரியர்கள் சொல்லுவதுண்டு. பயந்துபோய்த் தாய்மார்கள் தமக்கே சரியாக வராத இந்தியிலும் ஆங்கிலத்திலும் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார்கள்.

இது தவறான யோசனை. இரண்டு மூன்று மொழிகள் பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. கதை கேட்டு, கேள்வி கேட்டு, தாய்மொழியில் சொல்வளம் பெற்ற பிள்ளைக்கு அந்த அறிவு அடுத்த மொழியை வாசிக்கும்போதும் கைகொடுக்கும். ஓர் உதாரணம். 'ல'வுக்கும் 'ள'வுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை மடியிலேயே கற்கிறது. மராத்தியில் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் 'ஷாளா'. அந்த 'ளா' நம் பிள்ளைக்கு எளிதில் வரும். அதே எழுத்து, இந்தி மட்டும் அறிந்து வந்த பிள்ளைக்குப் புதிது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மராத்திப் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு ஆன தமிழ்ப் பிள்ளையை மராத்தியில் மட்டும் சோதித்துவிட்டு 'குறைபாடு' என்று சொல்லுவது நியாயம் அல்ல. 'வீட்டில் வேறு மொழி, அதனால்தான்' என்று சொல்லி ஆறாண்டுகள் கண்டுகொள்ளாமல் விடுவதும் நியாயம் அல்ல. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழி எது, எத்தனை ஆண்டுகளாக எந்த மொழியில் படிக்கிறது என்பதைச் சோதிப்பவரிடம் பெற்றோர் கட்டாயம் சொல்ல வேண்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-ம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கென்றே ஒரு சோதனை முறையை வெளியிட்டது. முதலில் வெளியிட்டபோதே இந்தி, கன்னடம், ஆங்கிலத்துடன் மராத்தியும் அதில் இருந்தது குறிப்பிடத்தக்கது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பிள்ளைக்கு நன்கு பழக்கமான மொழியில் வரும் திணறல் என்ன, புது மொழியில் வரும் திணறல் என்ன என்று பாருங்கள். புது மொழியில் மட்டும் என்றால் பயிற்சி போதும். எல்லா மொழியிலும் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எழுத்தைத் திருப்பி எழுதுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆறு ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படி எழுதித்தான் தேறுகிறார்கள்.

மராட்டியம் காட்டிய வழி

இந்த விஷயத்தில் நாம் குடியேறியிருக்கும் மாநிலம் முன்னோடிகளில் ஒன்று. 1996-ம் ஆண்டிலேயே மராட்டிய அரசு, கற்றல் குறைபாடு உள்ள மாணவ-மாணவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகைகள் வழங்கியது. மத்தியக் கல்வி போர்டு இதைச் செய்ததே 1999-ல்தான். மராட்டிய டிஸ்லெக்சியா சங்கம் மும்பையில் தொடங்கியதும் 1996-ல்தான். சென்னையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1990-களின் தொடக்கத்தில், மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஏற்பட்டிருந்தது. தாராவிக்கு அருகில் உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கற்றல் குறைபாட்டுக்கென்றே தனிப் பிரிவு நடத்தி, ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சோதித்துச் சான்று கொடுத்தார்கள்.

2007-ம் ஆண்டில் அமீர்கான் எடுத்த 'தாரே ஜமீன் பர்' படம் வந்த பிறகுதான் பாமர மக்களுக்கும் இது தெரிந்தது. படம் பார்த்து அழுத பலர், தம் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பதை நினைத்துப் பார்க்கவில்லை!

பிறகு 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரலில் அமலாயிற்று. பழைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21. அவற்றில் கற்றல் குறைபாடும் ஒன்று. இந்தக் குறை உள்ள பிள்ளைகளைக் கூடிய விரைவில் கண்டறிந்து, தக்க முறையில் கற்பிப்பது பள்ளிகளின் கடமை என்று சட்டத்தின் 16-வது பிரிவு சொல்லுகிறது. ஆகவே "என் பிள்ளையைக் கவனியுங்கள்" என்று பெற்றோர் கேட்பது தயவு அல்ல, உரிமை.

சான்றிதழ் பெறுவது எப்படி?

எட்டு வயது நிறைந்த பிறகே இந்தக் குறையை உறுதி செய்து சான்றிதழ் தருகிறார்கள். அதற்கு முன் பயிற்சி தரத் தடை இல்லை; சான்றிதழுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதல் படி, வகுப்பாசிரியரைப் பார்த்து விவரம் சொல்லிப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்குவது. அடுத்தது அரசு ஆஸ்பத்திரி. கட்கிக்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள் ஔந்து மாவட்ட ஆஸ்பத்திரியும், புனே ரெயில் நிலையத்துக்கு அருகில் உள்ள சாசூன் ஆஸ்பத்திரியும். அங்கே குழந்தை டாக்டரும் மனநல நிபுணரும் பிள்ளையைப் பார்ப்பார்கள். முதலில் கண், காது. பிறகு அறிவுத் திறன் சோதனை. அதன் பின் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை. ஒரே நாளில் முடியாது. சம்பளத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை என்று இரண்டு மூன்று நாள் லீவுக்குத் தயாராக இருங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்களையும் மார்க் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பக்கம் கையெழுத்து, ஒரு மணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

சான்று கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. மத்திய அரசின் 2018-ம் ஆண்டு விதிமுறைப்படி மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். எழுத முடியாதவருக்கு எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காமை, ஒரு மொழிப் பாடத்துக்குப் பதில் வேறு பாடம் ஆகியவையும் மராட்டிய போர்டு தந்த சலுகைகளில் உண்டு. அவரவர் பிள்ளைக்குப் பொருந்துவது எது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேர்வு மனு நிரப்புவதற்கு முன்பே காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை. மாநிலக் கல்வி போர்டின் தலைமை அலுவலகம் வேறெங்கோ இல்லை. கட்கிக்கு அடுத்த ஸ்டேஷனான சிவாஜிநகரில்தான் இருக்கிறது.

"ஊனம் என்று சான்றிதழ் வாங்கினால் நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வது?" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். இது ஊராரிடம் காட்டவேண்டிய காகிதம் அல்ல. பள்ளிக்கும் தேர்வுக்கும் உரியது. பத்தாம் வகுப்புத் தேறாத பெண் என்ற பெயரைவிட இது எந்த விதத்திலும் பெரிய குறை அல்ல.

எழும்பூரில் பிறந்த முறை

சான்றிதழ் தேர்வுக்கு உதவும். வாசிக்கச் சொல்லித்தராது. அதற்கு வேறு முறை வேண்டும்.

அமெரிக்காவில் டாக்டர் ஆர்ட்டனும், கில்லிங்காம், ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகளும் 1930-களில் ஒரு முறையை வகுத்தார்கள். எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், வாயால் ஒலியைச் சொல்ல வேண்டும், காதால் கேட்க வேண்டும், விரலால் எழுதிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர்கள் பலர் இந்த வழியையே பின்பற்றுகிறார்கள்.

இதைப் படிக்கும்போது நம் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதி, 'அ' என்று உரக்கச் சொன்னது வேறென்ன?

இதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. 1789-ம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையையும் கையாண்டார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

கப்பலேறிப் போன நம் முறையை நம் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு தட்டில் ரவையோ அரிசிமாவோ பரப்புங்கள். நாளைக்கு ஒரே ஓர் எழுத்து. விரலால் எழுதி, ஒலியைச் சொல்லி, அந்த ஒலியில் தொடங்கும் நாலு சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

குழப்பும் எழுத்துகளை ஒன்றாகக் கற்றுத்தராதீர்கள். 'ன'வும் 'ண'வும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்று உறுதிப்பட்டு ஒரு வாரம் ஆன பிறகு மற்றது. மராத்தியின் நாலு 'க'வுக்கும் இதே விதி. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, மூச்சுப் படுகிறதா என்று பார்க்கச் சொன்னால் முதல் 'க'வுக்கும் இரண்டாவது 'க'வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை கையாலேயே அறிந்துகொள்ளும்.

எழுதுவதற்கு முன் சொல்லை உடைக்கப் பழக்குங்கள். 'பட்டணம்' என்றால் ப, ட், ட, ண, ம். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தட்டும். நெடிலுக்கு இரண்டு தட்டு, குறிலுக்கு ஒரு தட்டு.

தவறாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதும் தண்டனை வேண்டாம். ஐம்பதாவது தடவையில் அது மறுபடி தவறாகிவிடும். தவறே மனப்பாடம் ஆகும். நாளைக்கு மூன்று சொல் போதும். இன்று கற்றதை நாளையும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் கேளுங்கள்.

தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பு. பெரியவர் ஒரு வரி, பிள்ளை அதே வரி. ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் வேகம் கூடுவதை அதுவே பார்த்து மகிழும். தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காரலாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதற்குப் படிப்பு தேவை இல்லை.

சரித்திரமும் விஞ்ஞானமும் யாராவது வாசித்துக் காட்டட்டும். எழுத்து வரவில்லை என்பதற்காக அறிவும் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வீட்டுக்கு வீடு இது முடியாது. ஓவர்டைம் பார்க்கும் தகப்பனாருக்கும், நாலு வீட்டில் வேலை செய்யும் தாய்க்கும் நேரம் ஏது? இங்கேதான் தமிழர் சங்கங்களும் பஜனை மண்டலிகளும் சர்ச் இளைஞர் குழுக்களும் முன்வர வேண்டும். ஆண்டு விழாவுக்கு மேடை போடும் கைகளுக்கு இது பெரிய வேலை அல்ல.

'பிரதம்' நிறுவனத்தின் வழி இதற்கு ஏற்றது. பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள், கதை வாசிப்பவர்கள் என நாலு குழு. ஆறாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே குழுவில் இருக்கலாம். காலேஜ் படிக்கும் அண்ணனோ அக்காவோ ஒரு குழுவுக்கு ஒருவர் போதும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தொண்டர்களே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே செய்தது இங்கேயும் செய்யத்தக்கதே.

அப்படி ஒரு வகுப்பு சில மாதம் நடந்தால் இன்னொரு பயனும் உண்டு. பயிற்சி இல்லாததால் பின்தங்கிய பிள்ளைகள் மளமளவென்று முன்னேறுவார்கள். நல்ல பயிற்சிக்குப் பிறகும் நகராத இரண்டு மூன்று பிள்ளைகள் தனியே தெரிவார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் அவர்களே.

டிஸ்லெக்சியா முழுதும் மறைந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வாசிப்பு மெதுவாகவே இருக்கலாம். எழுத்துப் பிழை வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் தேர்வு எழுதலாம், தொழில் கற்கலாம், பட்டமும் பெறலாம். சிறு வயதில் தொடங்கினால் வழி சுலபம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் வகுப்பாசிரியருக்கு அறுபது முகம், அறுபது நோட்டு. உங்கள் பிள்ளையின் திணறலை அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திராதீர்கள். முதல் வாரத்திலேயே பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இன்று இரவு பிரம்பை எடுப்பதற்கு முன், ஒரு தட்டில் கொஞ்சம் ரவையை எடுங்கள்.